அமெரிக்காவில் காம்போசிஷன் அண்ட் ரெட்டரிக் எம்.ஏ.: ஏஜென்டிடம் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

ஆங்கில இலக்கியம் முடித்துவிட்டு அமெரிக்காவில் காம்போசிஷன் அண்ட் ரெட்டரிக், அதாவது எழுதக் கற்பிப்பதையும் வாதக் கலையையும் பற்றிய எம்.ஏ., படிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் இருக்கும் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனம் என்னை ஏமாற்றியது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

நான் திருச்சியில் ஒரு கலைக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளிடம் கருத்துக்குப் பஞ்சமே இல்லை; அதை ஆங்கிலத்தில் ஒரு பத்தியாக எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். எழுதக் கற்றுக்கொடுப்பதையே ஒரு துறையாக வளர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அதைத்தான் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அரிஸ்டாட்டில் காலத்து வாதக் கலையிலிருந்து இன்றைய வகுப்பறை வரை பேசும் துறை அது. அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் ஏறக்குறைய எல்லோரும் எழுத்துப் பாடம் ஒன்றைப் படித்தாக வேண்டும் என்பதால், அதற்கு ஆசிரியர்களைத் தயார் செய்யும் படிப்பு இது.

அந்த ஆலோசனை நிறுவனத்தின் அலுவலகத்தில் எங்களுக்குச் சொன்ன தகுதிகள் மூன்றே மூன்று: பட்டச் சான்றிதழ், ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண், வங்கி இருப்பு. "உதவித்தொகையை அங்கே போய்ச் சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் மேடம், எல்லோருக்கும் கிடைக்கிறது" என்றார் ஆலோசகர். அப்பா நிலத்தை அடமானம் வைத்தது அந்த வார்த்தையை நம்பித்தான்.

அது முழுப் பொய். சேருவதற்கான தகுதி வேறு, உதவித்தொகையோடு சேருவதற்கான தகுதி வேறு. இந்தத் துறையில் உதவித்தொகை என்பது அசிஸ்டன்ட்ஷிப், அதாவது பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பது. அது கிடைத்தால் கல்விக் கட்டணம் முழுவதுமோ பெரும்பகுதியோ தள்ளுபடியாகும். மாதந்தோறும் ஒரு தொகையும் வரும். அதற்கு ஈடாக முதலாண்டு எழுத்துப் பாடம் நடத்த வேண்டும், அல்லது பல்கலைக்கழகத்தின் ரைட்டிங் சென்டரில் மாணவர்களோடு உட்கார்ந்து அவர்கள் கட்டுரையைச் சரிசெய்ய உதவ வேண்டும். இந்த இடங்களுக்கு விண்ணப்பிக்கும் கெடு பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் முடிந்துவிடும். வசந்த காலத்திலேயே ஆட்களைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். பொதுச் சேர்க்கைக்கான கெடு மட்டும் மே, ஜூன் வரை நீளும். என் விண்ணப்பத்தை மே மாதம்தான் அனுப்பியிருக்கிறார்கள். நவம்பரிலேயே எல்லாக் காகிதங்களையும் கொடுத்திருந்தேன்.

ஏன் தாமதித்தார்கள் என்பது இங்கே அமெரிக்காவுக்கு வந்த பிறகு விளங்கியது. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்துவிடும் முகவர்களுக்குக் கமிஷன் கொடுக்க அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. உள்நாட்டு மாணவர்களுக்குத்தான் அதைத் தடுத்திருக்கிறது. அந்தக் கமிஷன் பெரும்பாலும் மாணவர் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு. கட்டணமே தள்ளுபடியானால் முகவருக்கு என்ன கிடைக்கும்? எனக்கு அசிஸ்டன்ட்ஷிப் கிடைக்காமல் இருப்பதில்தான் அவர்களுக்கு லாபம்.

இதைவிடக் கொடுமையானது இன்னொன்று. இந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களிடம் துறை முதலில் பார்ப்பது எழுத்து மாதிரியை. பொதுவாகப் பத்து முதல் இருபது பக்கம். அதோடு எஸ்.ஓ.பி. என்கிற நோக்க அறிக்கை, மூன்று பரிந்துரைக் கடிதங்கள். என் மாணவர்கள் எழுதிய கட்டுரைகளை வைத்து ஒரு நீண்ட கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தேன். 1974-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி, பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்ட மாணவர் தன் கோப்பைப் பார்க்க உரிமை உண்டு. கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் என் கட்டுரை இல்லை. தலைமைப் பண்பைப் பற்றி யாரோ எழுதிய நாலு பக்கம் என் பெயரில் இருந்தது. நோக்க அறிக்கையில், சிறுவயதிலிருந்தே வணிகத் தகவல்தொடர்பில் சாதிக்க ஆசைப்பட்டவள் நான் என்று இருந்தது. எழுத்தின் நேர்மையைச் சொல்லிக்கொடுக்கும் துறையில், அடுத்தவர் எழுத்தை என் தலையில் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். நான் நேரே போய் விளக்கியதால் துறைத் தலைவர் நம்பினார். மூலக் கட்டுரையும் அதை அனுப்பிய மின்னஞ்சலும் என்னிடம் இருந்தன. இல்லாவிட்டால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

என் விண்ணப்பக் கணக்கை நிறுவனத்தாரே ஒரு மின்னஞ்சலில் தொடங்கிக் கடவுச்சொல்லையும் அவர்களே வைத்துக்கொண்டதுதான் இதற்கு வழி செய்தது. "எல்லோருக்கும் இதுதான் நடைமுறை" என்றார்கள். எந்த நிறுவனம் இப்படிச் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சொன்ன மற்ற பொய்களும் சின்னவை அல்ல. என் தோழியிடம் ஜிஆர்இ என்கிற பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வின் ஆங்கில இலக்கியப் பாடத் தேர்வுக்குப் பயிற்சி என்று தனியாகப் பணம் கேட்டார்கள். அந்தத் தேர்வையே 2021-இல் நிறுத்திவிட்டார்கள். "ஒரே வருடத்தில் முடித்துவிடலாம்" என்றார்கள். இந்தப் பட்டத்துக்குப் பொதுவாக 30 முதல் 36 கிரெடிட் வேண்டும் (கிரெடிட் என்பது பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு). ஒரு பருவத்துக்கு 9 கிரெடிட் என்பதுதான் வழக்கமான முழுநேரப் படிப்பு. எழுத்துக் கோட்பாடு, ரெட்டரிக் வரலாறு, ஆய்வு முறைகள், கற்பித்தல் முறை எல்லாம் முடித்து ஆய்வேடோ விரிவான தேர்வோ தாண்ட இரண்டு ஆண்டுகள் ஆகும். "படித்தபின் மூன்று வருடம் வேலை பார்க்கலாம்" என்றதும் பொய். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் படித்தபின் வேலை பார்க்கப் பன்னிரண்டு மாதம் உண்டு; அதற்கு மேல் கூடுதல் இரண்டு ஆண்டுகள் அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டுமே. ரெட்டரிக் அதில் இல்லை, பன்னிரண்டு மாதம்தான்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்குள்ள கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பின் வழிகாட்டுதல்படி, எம்.ஏ. மாணவர் தனியாக வகுப்பெடுக்க அந்தப் பாடத்தில் 18 பட்டமேற்படிப்பு கிரெடிட் முடித்திருக்க வேண்டும். அதனால் முதலாண்டில் பெரும்பாலும் ரைட்டிங் சென்டர் போன்ற வேலைதான் தருவார்கள். நம் ஊர் எம்.ஏ.வை அந்த 18-இல் சேர்த்துக்கொள்வார்களா என்பதைத் துறையிடமே முன்கூட்டிக் கேளுங்கள். வகுப்பெடுக்க வரும் வெளிநாட்டினரிடம் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தனி மதிப்பெண்ணும் கேட்பார்கள். சேர்க்கைக்குக் கேட்பதைவிட அது பெரும்பாலும் அதிகம்.

இத்தனையையும் கேட்கப் பணம் தேவையில்லை. ஒவ்வொரு ஆங்கிலத் துறையிலும் பட்டமேற்படிப்பு இயக்குநர் என்று ஒரு பேராசிரியர் இருப்பார். அவருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள்: அசிஸ்டன்ட்ஷிப்புக்குக் கெடு எது, முதலாண்டிலேயே கிடைக்குமா, கட்டணத்தில் எவ்வளவு தள்ளுபடி, எந்தெந்தக் கட்டணம் நான் கட்ட வேண்டும். நிதியுதவியோடு இடம் வந்தால், உடனே பதில் சொல்லச் சொல்லி ஏஜென்ட் நெருக்கினாலும் பதறாதீர்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட ஏற்பாட்டின்படி ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இணையத்திலும் பதியலாம். அப்பா திருச்சியில்தான் பதிந்திருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும், ஆகவே ரசீதுகள், வாட்ஸ்அப் உரையாடல்கள், அனுப்பிய மின்னஞ்சல்கள் எதையும் அழிக்காதீர்கள். இதே நிறுவனமோ என்று சந்தேகப்படுகிறவர்கள் எனக்குத் தனியே எழுதுங்கள். என்னிடம் உள்ள ஆவணங்களைக் காட்டுகிறேன்.