பி.எட். மாணவர்களிடம் பிள்ளைகளை ஒப்படைத்துப் பார்த்ததில்

வடசென்னையில் மாநகராட்சி நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பு ஆசிரியை நான். பல ஆண்டுகளாக எங்கள் பள்ளிக்கு பி.எட். பயிற்சி மாணவர்கள் வருகிறார்கள். "அவங்களால பிரயோஜனம் உண்டா, இல்ல தொந்தரவுதானா?" என்று மற்றப் பள்ளி ஆசிரியர்கள் கேட்பதுண்டு. முழு வகுப்பையும் கையில் கொடுத்தால் சுமார்தான். ஐந்து பிள்ளைகளைக் கொடுத்து ஒரு மூலையில் உட்கார வைத்தால், என்னால் முடியாத வேலை நடக்கிறது.

பி.எட். ஓராண்டுப் படிப்பாக இருந்தபோது நாற்பது நாள் டீச்சிங் பிராக்டிஸ் என்று வந்து போவார்கள். பெயர் மனதில் பதிவதற்குள் கிளம்பிவிடுவார்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு படிப்பு இரண்டு ஆண்டாகி, பள்ளியில் இருக்கும் காலமும் 20 வாரமாகிவிட்டது. முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம். இந்த 16 வாரம்தான் நமக்குப் பயன்படுவது. அதிலும் காலாண்டுத் தேர்வு, தீபாவளி, சென்னை மழைக்கு விடுகிற லீவு எல்லாம் போக மிஞ்சுவதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பு முழுக்க ஊரடங்கில் போயிற்று. இரண்டாம் வகுப்பிலும் பாதி போன பிறகு, 2021 நவம்பர் 1-ல்தான் அவர்களுக்குப் பள்ளி திறந்தது. அப்புறம் 2022-ல், விட்டுப்போன அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் பிடிக்க அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்து, பிள்ளைகளின் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைத்ததில் நிறையப் பேர் தேறினார்கள். தேறாத சிலரும் எட்டு வரை ஆல் பாஸ் என்பதால் என் வகுப்புக்கு வந்து நிற்கிறார்கள். நாற்பது பேருக்குப் பின்னம் நடத்திக்கொண்டே இவர்களுக்கு உயிர்மெய் சொல்லித்தர எனக்கு இரண்டு வாய் இல்லை.

ஒரு பையன் கரும்பலகையில் இருப்பதை அச்சு மாதிரி எழுதுவான், வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான். தமிழ்ப் பாடப் பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் அவனை விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் சில நாளில் வந்து சொன்னாள்: "மிஸ், அவனுக்கு எழுத்தெல்லாம் தெரியுது. துணைக்காலைத்தான் 'ர'ன்னு படிக்கிறான்." 'கொக்கு' என்று இருந்தால் அவன் 'கெரக்கு' என்கிறான். 'கா', 'மா' எல்லாம் பழகிப்போனதால் தப்பித்துவிடுகிறான், முன்னால் கொம்பும் பின்னால் காலும் சேர்ந்து வந்தால் மாட்டிக்கொள்கிறான். என் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'வாசிக்கத் தெரியாது' என்று மட்டும்தான் இருந்தது.

அவள் செய்ததும் சாதாரணமான காரியம்தான். கால் இருக்கும் இடத்தை விரலால் மூடி 'கெ' என்று சொல்லவைப்பாள், விரலை எடுத்து 'கொ' என்று சொல்லவைப்பாள். மெ மொ, தெ தொ என்று அப்படியே போகும். அப்புறம் ஊர்ப் பெயர்கள்: கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர், கொளத்தூர், கொண்டித்தோப்பு. எல்லாம் அவனுக்குத் தெரிந்த ஏரியா என்பதால் ஊகித்துச் சொல்லத் தொடங்கினான். அதைக் கண்டுபிடித்து நடுவில் கோயம்பேட்டைச் செருகிவிட்டாள்! அரையாண்டுக்குள் கேள்வித்தாளை அவனே வாசித்துப் பார்த்தான். மார்க் பெரிதாக ஏறவில்லை. ஆனால் கேள்வி என்னவென்று என்னிடம் கேட்காமல் எழுதியது அதுவே முதல் தடவை.

கணக்கிலும் இப்படித்தான். 503-இலிருந்து 267-ஐக் கழிக்கச் சொன்னால் 364 என்று எழுதும் பிள்ளைகள் ஆண்டுதோறும் உண்டு. மேலே கீழே பார்ப்பதில்லை, எது பெரிதோ அதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுவார்கள். நடுவில் பூஜ்யம் இருந்தால் கடன் வாங்கும் கதையே குழம்பிவிடும். கணக்குப் பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவர், மீன் கடையில் அம்மாவோடு உட்காரும் பெண்ணிடம், "ஐந்நூத்தி மூணு ரூபா இருக்கு, இருநூத்தி அறுபத்தேழு குடுத்துட்டா மீதி எவ்ளோ?" என்றார். "இருநூத்தி முப்பத்தாறு" என்று உடனே பதில் வந்தது. அதே பெண்தான் நோட்டில் 364 எழுதியிருந்தாள். அதன் பிறகு காகிதத்தில் நூறு ரூபாய், பத்து ரூபாய் வெட்டி, நூறைச் சில்லறை மாற்றித்தான் கழித்தல் நடந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பயிற்சி மாணவர்களின் பாதி உயிர் ரெக்கார்ட் நோட்டில் போகிறது. பாடக்குறிப்பு எழுதவும் சார்ட் வரையவும் தெர்மாக்கோல் வெட்டவும் ராத்திரி முழுக்க விழித்துவிட்டு, காலையில் கண் சிவந்து வருவார்கள். கல்லூரியிலிருந்து பேராசிரியர் பார்வையிட வரும் அன்று மட்டும் வகுப்பு கல்யாண வீடு மாதிரி இருக்கும். என் அலமாரியில் இதய வரைபடம் மட்டும் ஏழோ எட்டோ கிடக்கிறது. இன்னொன்று, பாதியில் கல்லூரி விழா என்று மொத்தமாக அழைத்துக்கொள்வது. ஒரு கல்லூரி இதை ஒவ்வொரு ஆண்டும் செய்கிறது, கேட்டால் முன்பே தகவல் அனுப்பினோம் என்கிறார்கள்.

பள்ளிகள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. எந்த ஆசிரியர் லீவோ அந்த வகுப்புக்கு பி.எட். பசங்களை அனுப்புவதும், எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவில் உட்கார வைப்பதும் சர்வசாதாரணம். ஊரடங்குக்குப் பிறகு மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்த இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலருக்காவது மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். இவர்களுக்கு அதுவும் இல்லை. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம், ஆண் பிள்ளைகள் கைக்காசு போட்டுத்தான் வருகிறார்கள்.

நான் இப்போது முதல் நாளே ஹெச்.எம்.மிடம் பேசிவிடுகிறேன். ஒருவருக்கு ஐந்து பிள்ளைகள், கடைசி வரை அதே பிள்ளைகள். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பீரியடில் வராண்டா கோடியில் பாய் விரித்து உட்கார வேண்டும். வேறு வகுப்புக்கு மாற்றக் கூடாது. ஹெச்.எம். முகம் சுளிப்பார், ஆனாலும் விட்டுவிடுவார்.

பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் போட்டு, எங்கே தட்டுகிறது, எதைச் செய்தால் பிடிபடுகிறது என்று எழுதி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதும் என் நிபந்தனை. கிளம்புகிற அன்று கெஞ்சிக் கூத்தாடி வாங்குகிறேன். அந்த நோட்டுக்கு அவர்கள் கல்லூரியில் ஒரு இன்டெர்னல் மார்க்கும் கிடையாது.