18 லட்சம் போய்விட்டது: இறக்குமதியான பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் படியுங்கள்

18 லட்சம் கொடுத்து வாங்கிய கார் இப்போது என் வீட்டு வாசலில் நிற்கிறது. நேற்று இரவு நான் ஓட்டி வரவில்லை. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். வாங்கி இன்றோடு இருபத்து மூன்று நாள். கை நடுக்கம் இன்னும் அடங்கவில்லை. இருந்தாலும் இப்போதே எழுதிவிடுகிறேன். ஒரு வாரம் போனால் மனம் ஆறிவிடும், ஆறிய பிறகு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன்.

விற்றவர் பெயரையும் கடைப் பெயரையும் எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயர் எதுவும் வெளியே வர வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். பழைய கார்களுக்கான ஓர் இணையச் சந்தையில் விளம்பரம் பார்த்தேன். விற்றவர், இறக்குமதிக் கார்களை மட்டும் வைத்திருக்கும் ஷோரூம்காரர். இவ்வளவு தெரிந்தால் போதும்.

கார், மஸ்தா ஆர்எக்ஸ்-8. ஜப்பானில் ஓடி, அங்கே ஏலத்தில் போய், கப்பலில் வந்தது. 2003 முதல் 2012 வரை தயாரித்தார்கள். மற்றக் கார்களைப் போல இதில் ஏறி இறங்கும் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவில் இரண்டு ரோட்டர்கள் சுழலும். ரோட்டரி இன்ஜின் என்பது இதைத்தான். 1.3 லிட்டர் இன்ஜின்தான், ஆனால் ஆறு கியர் வைத்த வண்டியில் இன்ஜின் சுற்றைக் காட்டும் ஊசி நிமிடத்துக்கு 9,000 வரை ஏறும். 1991இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை மஸ்தா வென்றது ரோட்டரி இன்ஜினை வைத்துத்தான். அந்தப் பந்தயக் காரின் சத்தத்தைப் பள்ளி நாட்களில் ஒரு பதிவில் கேட்டதிலிருந்து ரோட்டரி கார் ஒன்றை ஒருநாள் ஓட்ட வேண்டும் என்று எனக்குள் இருந்தது. பதினோரு ஆண்டுகள் சேர்த்தேன். அதுதான் அந்த 18 லட்சம்.

நான் போனது ஒரு சனிக்கிழமை காலை. கார் கழுவித் துடைத்து வாசலிலேயே நின்றிருந்தது. ஷோரூம்காரர் வந்ததும் முதலில் செய்த காரியம் என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையை பானெட்டின்மேல் வைத்தது. "பாருங்கள் தம்பி, ஜில்லென்று இருக்கிறதா? சூடாக்கி வைத்து ஏமாற்றும் வேலை எங்களிடம் இல்லை. நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள்" என்றார்.

அந்த ஒரு நொடியில்தான் நான் விழுந்தேன். பழைய கார் வாங்கப் போனால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு முன்னாலேயே ஒருவர் அதைத் தானாகச் செய்து காட்டுகிறார் என்றால் அவரிடம் மறைக்க ஒன்றும் இல்லை என்று நம்பினேன். சாவியைத் திருப்பினேன், உடனே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மனதளவில் நான் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

ரோட்டரி இன்ஜினுக்கு அந்தச் சோதனை தலைகீழ் என்று அன்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். ரோட்டரின் மூன்று முனைகளிலும் மெல்லிய உலோகப் பட்டைகள் இருக்கின்றன. ஏபெக்ஸ் சீல் என்பார்கள். அவை உள்சுவரை உரசியபடியே சுற்றி அழுத்தத்தைக் காக்கின்றன. தேய்ந்துபோனால் அழுத்தம் கசியும். குளிர்ந்த இன்ஜினில் கெட்டியான எண்ணெய் அந்தக் கசிவை ஓரளவு மறைத்துவிடும். சூடேறி எண்ணெய் இளகியதும் குட்டு வெளிப்படும். அதாவது இந்தக் காரைச் சோதிக்க வேண்டுமானால் நன்றாக ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அன்று முக்கால் மணி நேரம் ஓட்டினேன், ஒரு முறைகூட இன்ஜினை நிறுத்த அவர் விடவில்லை. திரும்பி வந்ததும் நான் சாவியில் கை வைத்தேன். "ஓடட்டும் தம்பி, வெளியே வெயில். ஏசியிலேயே உட்கார்ந்து பேசுவோம்" என்றார். காகிதங்களை காருக்குள்ளேயே கொண்டுவரச் சொன்னார். என் மடியில் ஒரு அட்டையை வைத்து, அதன்மேல் ஒப்பந்தத்தை வைத்துக் கையெழுத்து வாங்கினார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை உபசாரம் என்று நினைத்தேன்.

கையெழுத்துக்கு முன்பே அவர் காட்டியது ஒரு தாள். ஜப்பானிய ஏலத்தில் ஒவ்வொரு காருக்கும் ஆய்வாளர் ஒரு தாள் எழுதுவார். இந்தத் தொழிலில் ஆக்‌ஷன் ஷீட் என்பார்கள். காரின் தரத்துக்கு ஒரு மதிப்பெண், ஓடிய தூரம், மேலிருந்து பார்த்த காரின் படம், அதில் கீறலுக்கு ஏ, ஒடுக்கத்துக்கு யூ, தட்டிச் சரிசெய்த அலைவுக்கு டபிள்யூ, பாகத்தையே மாற்றியிருந்தால் இரட்டை எக்ஸ் என்று குறிகள். பிளாஸ்டிக் உறையில் போட்ட நகல் ஒன்றைக் காட்டினார். மதிப்பெண் 4. தூரம் 62,000 கிலோமீட்டர். படத்தில் இரண்டே இரண்டு சின்னக் கீறல். ஒவ்வொரு குறியையும் சுண்டுவிரலால் தொட்டு, காரில் அந்தந்த இடத்துக்கு என்னை அழைத்துப் போய்க் கீறலைக் காட்டினார். உண்மையிலேயே அங்கே கீறல் இருந்தது. கீறலைக் கூட மறைக்காதவர் என்று எனக்குத் தோன்றியது.

ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்து பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று நான் ஒரே ஒரு முறை சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. "தாராளமாக அழைத்து வாருங்கள். மாலை வேறொருவர் பணத்தோடு வருகிறார், அவர் எடுத்துக்கொண்டால் நீங்கள் வருத்தப்படக் கூடாது" என்றார். 2 லட்சம் அட்வான்ஸை அங்கேயே அனுப்பினேன். மீதி 16 லட்சத்தைத் திங்கட்கிழமை வங்கியிலிருந்து மாற்றினேன். மொத்தம் 18 லட்சம்.

மூன்றாம் நாள் பெட்ரோல் பங்கில் நிரப்புவதற்காக நிறுத்தினேன். நிரப்பியதும் சாவியைத் திருப்பினால் பிடிக்கவில்லை. ஸ்டார்ட்டர் சுழல்கிறது, இன்ஜின் எழவில்லை. நல்ல ரோட்டரி இன்ஜினைச் சுழற்றினால் இதயத் துடிப்பைப் போல அடுத்தடுத்து ஒரே சீராகத் தட்டுகிற சத்தம் வரும். என் காரில் எதிர்ப்பே இல்லாமல் மின்விசிறி ஓடுவது போல ஓர் இரைச்சல், இடையில் எப்போதாவது ஒரு தட்டு. பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. இரண்டு பையன்கள் வந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, ஆறிய பிறகு, ஒன்றுமே நடக்காதது போலப் பிடித்துக்கொண்டது.

ஷோரூம்காரருக்கு அன்றே போன் செய்தேன். "அது ஃபிளட்டிங் தம்பி. இந்த மாடல் எல்லாவற்றுக்கும் உண்டு" என்றார். கொஞ்ச தூரம் நகர்த்திவிட்டுச் சூடேறுமுன் நிறுத்தினால் உள்ளே பெட்ரோல் தேங்கி ஸ்டார்ட் ஆகாமல் போவது இந்தக் காரில் உண்மையாகவே உள்ள பிரச்சினை. உண்மையான ஒன்றைச் சொல்லித்தான் பொய்யை மூடினார். நான் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது போன்: வெளியூரில் இருக்கிறேன், வியாழக்கிழமை பேசுகிறேன். வியாழக்கிழமை: பையனை அனுப்புகிறேன், பிளக் மாற்றினால் சரியாகிவிடும். பையன் வரவில்லை. அடுத்த முறை கடையில் ஒரு பெண் எடுத்து, சார் கூட்டத்தில் இருக்கிறார் என்றார். அதற்கடுத்த முறை அவரே எடுத்தார், குரல் மாறியிருந்தது. தம்பி போய் சார் வந்தது. "சார், நீங்கள் பார்த்து, ஓட்டி, திருப்தியாகத்தானே எடுத்தீர்கள்? ஒப்பந்தத்தைப் படியுங்கள்." படித்தேன். ஏசியில் மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளின் இரண்டாம் பக்கத்தில், கார் உள்ளபடியே விற்கப்படுகிறது, பின்னர் வரும் பழுதுக்கு விற்பவர் பொறுப்பல்ல என்று இருக்கிறது. இப்போது என் எண்ணிலிருந்து அழைத்தால் மணியே அடிப்பதில்லை.

அந்த இணையச் சந்தைக்கும் எழுதினேன். விளம்பரத்தில் "சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்" என்று பச்சை முத்திரை போட்டிருந்தார்களே, எதைச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். விற்பவரின் தொலைபேசி எண்ணைச் சரிபார்த்தோம் என்று பதில். வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பது மட்டுமே எங்கள் பணி என்று அடுத்த வரி. அடுத்த நாள் புகார் எண்ணுக்குப் பக்கத்தில் "தீர்க்கப்பட்டது" என்று காட்டியது. என் 18 லட்சத்துக்கு என்ன தீர்ந்தது?

கடைசியில் ரோட்டரி தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். எல்லாப் பட்டறையிலும் இருக்கும் சாதாரண அழுத்தமானி இதற்கு உதவாது; ஒரு ரோட்டரின் மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும்தான் காட்டும். மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரிக்கான கருவி வேண்டும். அவரிடம் இருந்தது. இந்த இன்ஜினுக்கு ஸ்டார்ட்டர் நிமிடத்துக்கு 250 சுற்றில் சுழற்றும்போது அழுத்தம் 830 கிலோபாஸ்கல் இருக்க வேண்டும், 680க்குக் கீழே போனால் இன்ஜின் முடிந்தது என்றார். என் காரின் முன் ரோட்டர் 560, 540, 570. பின் ரோட்டர் 510, 430, 520. அந்த 430ஐப் பார்த்ததும் அண்ணன் ஒன்றும் பேசாமல் கருவியைக் கழற்றித் துணியில் சுற்றினார். பிறகு ஸ்டார்ட்டரைத் தொட்டுக் காட்டினார். அது மட்டும் புத்தம் புதியது. வேகமாகச் சுழலும் ஸ்டார்ட்டரைப் போட்டால் செத்துக்கொண்டிருக்கும் இன்ஜினும் குளிரில் பிடித்துக்கொள்ளுமாம்.

பானெட்டைத் திறந்த கையோடு முன் மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பார்க்கச் சொன்னார். வலப்பக்கத்துப் போல்ட்டுகளின் விளிம்பில் பெயிண்ட் உரிந்திருந்தது. ஸ்பேனர் பட்ட தடம். இடப்பக்கத்தில் அப்படி இல்லை. வலப்பக்க மட்கார்டை யாரோ கழற்றி வேறொன்றை மாட்டியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து, ஜப்பான் ஏலப் பதிவுகளைக் கட்டணத்துக்கு எடுத்துத் தரும் ஒருவரிடம் சேசிஸ் எண்ணைக் கொடுத்தேன். ஜப்பானுக்குள் விற்ற கார்களில் பதினேழு இலக்க எண் இருக்காது. இந்தக் காருக்கு எஸ்இ3பி என்று தொடங்கி, ஒரு கோடு, பிறகு ஆறு இலக்கம். அசல் தாள் மறுநாள் காலையில் வந்தது. மதிப்பெண் இருக்க வேண்டிய கட்டத்தில் ஆர் என்று எழுதியிருந்தது. விபத்தில் அடிபட்டு, உடலைத் தாங்கும் இரும்புச் சட்டகத்தைச் சரிசெய்த கார் என்று பொருள். தூரம் 1,31,000 கிலோமீட்டர். வலப்பக்க மட்கார்டில் இரட்டை எக்ஸ். எனக்குக் காட்டிய நகலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கீறல் குறிகள் இரண்டும் அதே இடத்தில் இருந்தன. அவற்றை மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் அழித்திருக்கிறார்கள். சுண்டுவிரலால் அவர் தொட்டுக் காட்டியது அந்த இரண்டைத்தான்.

காரின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது அதன் வயதுக்கு உழைத்திருக்கிறது. இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கக் கொடுத்த விலையில் பாதிக்கு மேல் ஆகும் என்கிறார் அண்ணன். என்னிடம் இல்லை. 18 லட்சத்தோடு எல்லாம் போய்விட்டது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று முழுதாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. சிலதை மட்டும் சொல்கிறேன். விற்பவர் கையிலிருக்கும் ஏலத் தாளை நம்பாதீர்கள். காரில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணை நீங்களே படித்து, அசல் தாளை நீங்களே வரவழையுங்கள். ரோட்டரி என்றால் அதற்கான கருவியில் அழுத்தம் பார்க்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். மட்கார்ட், பானெட் போல்ட்டுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். மாலை வேறொருவர் வருகிறார் என்றால், அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று வந்துவிடுங்கள். ஓடும் காருக்குள் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே பச்சை முத்திரையோடு இன்று காலை இன்னொரு ஆர்எக்ஸ்-8 ஏறியிருக்கிறது, சிவப்பு நிறம். மதிப்பெண் 4, குறைந்த ஓட்டம், குளிர்ந்த நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று கீழே ஒருவர் பதில் போட்டிருக்கிறார். அவருக்கு நேரே செய்தி அனுப்ப முயன்றேன், என் கணக்கிலிருந்து அனுப்ப முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிவப்பு ஆர்எக்ஸ்-8 பார்க்கப் போகிறவர் நீங்கள் என்றால், அரை மணி நேரம் ஓட்டுங்கள், இன்ஜினை நிறுத்துங்கள், சாவியை உங்கள் பையில் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் வெயிலில் நில்லுங்கள். பிறகு திருப்பிப் பாருங்கள்.