ஸ்டிக்கரை நம்பி 62,500 ரூபாயை விட்டேன்: பழைய ஸ்டீல் ரோடு பைக் தேடுபவர்கள் கவனத்துக்கு

வலது முழங்கையில் கட்டு. இடது கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 62,500 ரூபாய். வண்டிக்கு 48,000, சக்கரம் மாற்றியதற்கு 14,500. கடைப் பெயரைப் போட மாட்டேன். போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. பழைய வெளிநாட்டு சைக்கிள்களைப் பெயின்ட் அடித்துப் புதுப்பித்து விற்கும், படம் மட்டும் பிரமாதமாகப் போடும், முதல் மாடியில் இருக்கும் ஒரு சென்னைக் கடை. அவ்வளவு போதும். வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

என்னிடம் ஏற்கெனவே ஒரு குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) ஸ்டீல் வண்டி உண்டு. 4130 குழாய், 700சி சக்கரம், 28 மி.மீ. டயர். ஐந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை ஈசிஆர் போவது அதில்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மெட்ரோவுக்குத் தோண்டிய சாலையைக் கடந்து ஈசிஆரைத் தொடுவதற்குள் மணிக்கட்டு போய்விடுகிறது. அடுத்த சீசனில் ஒரு 200 கி.மீ. பிரெவே, அதாவது நேரக்கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் சவாரி, ஓட்டும் ஆசையும் இருந்தது. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அதுவரை கை தாங்க வேண்டுமே. அதனால் இன்னொரு ஸ்டீல் வண்டி வாங்கி, அதில் சின்ன சக்கரமும் அகல டயரும் போட்டு, இரண்டையும் ஒரே சாலையில் ஓட்டி ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். யார் சொல்லியும் கேட்கவில்லை.

சக்கரக் கணக்கு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 700சி ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 622 மி.மீ. 650பி என்றால் 584. ரிம் சின்னதாவதால் அதே ஃபிரேமுக்குள் தடித்த டயருக்கு இடம் கிடைக்கும், மொத்த உயரமும் பெரிதாக மாறாது. 700சி-யில் 23 டயர் போட்டால் மொத்த விட்டம் 668. 650பி-யில் 42 போட்டாலும் அதே 668. கணக்கு அழகாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அழகாகத்தான் இருந்தது. கணக்கில் வராத ஒன்று பிரேக். ரிம்மின் விட்டம் 38 மி.மீ. குறைந்தால் பிரேக் கட்டை 19 மி.மீ. கீழே இறங்க வேண்டும். இந்த 19-ஐ நினைவில் வையுங்கள்.

இனி அந்தக் கடை. அதன் இணையப் பக்கத்தில் வைன் சிவப்பில் ஒரு வண்டிப் படம், சீட் குழாயில் ரெனால்ட்ஸ் 531 ஸ்டிக்கர். பர்மிங்ஹாம் கம்பெனி 1935இல் கொண்டுவந்த மாங்கனீஸ்-மாலிப்டினம் ஸ்டீல் அது. குழாயின் முனைகள் தடிப்பாக, நடுப்பகுதி மெல்லியதாக இழுத்திருப்பார்கள். பழைய ஸ்டீல் வண்டிப் பைத்தியங்களுக்கு அந்த மூன்று எண்ணைப் பார்த்தாலே கண் கலங்கும். எனக்கும் கலங்கியது.

போய்ப் பார்த்தேன். கடை முதலாளிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், "வாங்கண்ணா" என்று எழுந்து நின்றான். ஃபில்டர் காபி வந்தது. என் பழைய வண்டியைப் பற்றிக் கேட்டான், ஈசிஆர் பற்றிக் கேட்டான், மணிக்கட்டு வலியைப் பற்றிக் கேட்டு "எனக்கும் அப்படித்தாண்ணா இருந்துச்சு" என்றான். அப்புறம் மேசை டிராயரைத் திறந்து ஒரு காந்தத்தை எடுத்தான். ஸ்பீக்கரில் இருந்து கழற்றியது போல வட்டமாக, கறுப்பாக. அதைக் குழாயில் வைத்தான், டக்கென்று ஒட்டியது. "பாத்தீங்களா? அலுமினியம்னா ஒட்டாது. ஒரிஜினல் 531." பிறகு நகத்தால் மேல்குழாயைச் சுண்டினான். 'டிங்' என்று ஒரு சத்தம். "இந்தச் சத்தம் வேற எதுலயும் வராதுண்ணா." நான் தலையாட்டினேன்.

காந்தம் எங்கள் வீட்டு கேட்டிலும்தான் ஒட்டும். தோசைக்கல்லிலும் ஒட்டும். அது ஸ்டீலா இல்லையா என்று சொல்லுமே தவிர, என்ன ஸ்டீல் என்று சொல்லாது. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எந்த ஸ்டீலை எடுத்தாலும் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், வலிமையில்தான் வித்தியாசம், வலிமை கூடினால்தான் குழாயை மெல்லியதாக இழுத்து எடையைக் குறைக்க முடியும் என்று ஆபீஸில் பிளேடு போடுகிறவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு ஸ்பீக்கர் காந்தத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காபி நன்றாக இருந்தது, அதுதான் காரணம்.

தெருவில் ஓட்டிப் பார்க்க வண்டியைப் படியில் இறக்கியது கடைப் பையன். இறக்கிவிட்டு மூச்சு வாங்கினான். எடை 10 கிலோகூட வராது என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தபோதே பையனுக்கு மூச்சு வாங்குகிறது. அதையும் நான் கவனிக்கவில்லை.

அன்றைக்கே 48,000 யூபிஐயில் போனது. "650பி நானே போட்டுத் தரேண்ணா, ரிம், ஹப், ஸ்போக்ஸ், 38 டயர் எல்லாம் சேர்த்து 14,500." பிரேக் எட்டுமா என்று கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். "அதெல்லாம் செட் பண்ணிடலாம், என்னை நம்புங்க" என்றான். நம்பினேன். ஆக 62,500.

பத்து நாள் கழித்து வண்டி வந்தது. முதல் சவாரியில் சொர்க்கம், பொய் சொல்லமாட்டேன். 28 டயரில் 85 பிஎஸ்ஐ வைத்து ஓட்டியவனுக்கு 38 டயரில் 45 பிஎஸ்ஐ என்றால் சாலை வேறு சாலையாகத் தெரிகிறது. திருப்பங்களில் மட்டும் பெடல் தரையை உரசியது. என் வண்டியோடு ஒப்பிட்டால் பெடல் சுழலும் அச்சு 9 மி.மீ. தாழ்ந்துவிட்டது, அதனால்தான். சரி, பழகிக்கொள்ளலாம் என்று விட்டேன். பிரேக் கொஞ்சம் பஞ்சு போல இருந்தது. "புதுக் கட்டைண்ணா, தேயட்டும்" என்று வாட்ஸ்அப்பில் பதில்.

கட்டை தேயவில்லை. தேய்ந்தது டயர்.

போன ஞாயிறு காலை ஆறு மணிக்கு முட்டுக்காடு பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடித்தேன். பின்பக்கம் பட்டாசு போல ஒரு சத்தம். அடுத்த நொடி ரோட்டோரம் கிடந்தேன். பின்னால் வந்த லாரிக்காரர் நல்லவர், நிறுத்தித் தூக்கி உட்கார வைத்தார். முழங்கையில் ஆறு தையல். முன் டயராக இருந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

லோடு ஆட்டோவில் வண்டியை ஏற்றி அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் கொண்டுபோனேன். அவன் சைக்கிள் ஆள் இல்லை, இரும்பு ஆள். பிரேக்கைத்தான் முதலில் பார்த்தான். அதிகபட்சம் 57 மி.மீ. எட்டும் பிரேக். 650பி ரிம்மைத் தொட அந்த ஃபிரேமில் 69 வேண்டும். 55 முதல் 73 வரை எட்டும் நீளப் பிரேக் என்று தனியாகவே விற்கிறார்கள், அதைப் போட்டிருக்கலாம். கடைக்காரன் என்ன செய்திருக்கிறான் என்றால், பிரேக் கையில் கட்டையை முடுக்கும் துளையை அரத்தால் ராவி 4 மி.மீ. நீட்டியிருக்கிறான். அரம் இழுத்த கோடுகூட அப்படியே இருக்கிறது, அதன்மேல் மார்க்கரால் கறுப்பு பூசியிருக்கிறான். அப்படியும் எட்டவில்லை. கட்டையைச் சாய்த்து வைத்துவிட்டான். முக்கால்வாசி டயர்மேல், கால்வாசி ரிம்மேல். ஒவ்வொரு முறை பிரேக் பிடித்தபோதும் நான் என் டயரின் பக்கவாட்டை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். 38 டயர் நுழைய வேண்டுமே என்று பின்சக்கரத்து இரண்டு பக்கக் குழாய்களையும் உள்பக்கம் சுத்தியலால் தட்டி ஒடுக்கியிருக்கிறான். மேலே பெயின்ட்.

நண்பன் சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்கும் தண்டு) உருவி வெர்னியர் அளவுகோலில் வைத்தான். 25.4 மி.மீ. எனக்கு அங்கேயே வயிறு கலங்கிவிட்டது. ரெனால்ட்ஸ் 531-இன் இரட்டைத் தடிமன் குழாய் என்றால் வழக்கமாக 27.2 போஸ்ட் இறங்கும். சீட் குழாயின் வெளிவிட்டம் 28.6, உள்ளே 25.4 என்றால் சுவர் ஒரு பக்கம் 1.6 மி.மீ. தண்ணீர்க் குழாய் மாதிரி. சந்தேகம் தீரட்டும் என்று இணைப்பில் கொஞ்சம் பெயின்ட்டைச் சுரண்டினோம். உள்ளே மீன் செதில் அடுக்கியது போல வரிவரியாக வெல்டிங். "இது ஆர்கான்டா" என்றான். அதோடு கதை முடிந்தது. 531 பித்தளை அல்லது வெள்ளி வைத்துப் பற்றவைப்பதற்கான ஸ்டீல். ஆர்கான் வெல்டிங் சூட்டில் அது வலுவிழந்துவிடும், அதற்கென்றே ரெனால்ட்ஸ் பிறகு 631 என்று வேறொன்று கொண்டுவந்தது. ஆர்கான் வெல்டிங் செய்த ஃபிரேமில் 531 ஸ்டிக்கர் என்பது மாருதி 800-இல் பென்ஸ் நட்சத்திரம் ஒட்டியது மாதிரி. எடை போட்டோம், 13.4 கிலோ.

இனி கடையின் பதில்கள். திங்கள்: "ரோட்ல கண்ணாடி கிடந்திருக்கும்ணா." டயர் படம் அனுப்பினேன். செவ்வாய்: நீல டிக் மட்டும். அன்றைக்கே ஸ்டேட்டஸில் ஒரு காபி கோப்பைப் படம். புதன்: கடைப் பையன் எடுத்து "ஓனர் ஊர்ல இல்ல" என்றான், பின்னால் ஓனர் குரல் கேட்டது. வியாழன் நேரில் போனேன். இந்த முறை காபி இல்லை, அண்ணாவும் இல்லை. "ஸார், நீங்க ஓட்டிப் பாத்துதானே எடுத்தீங்க? பிரேக்கை நீங்களே கழட்டி மாட்டியிருப்பீங்க." அரம் இழுத்த கோட்டைக் காட்டினேன். "அது முன்னாடி ஓனர் பண்ணது." 531 என்றாயே என்றேன். "ஸ்டிக்கர் வண்டியோட வந்தது ஸார், நான் எங்க எழுதிக் கொடுத்தேன்?" உண்மைதான். பில் என்று அவன் கொடுத்த துண்டுச் சீட்டில் 'சைக்கிள் - 1, வீல் வேலை, மொத்தம் 62,500' என்று மட்டும் இருக்கிறது. கடைசியில் பெரிய மனது பண்ணி, "வேணும்னா 15,000-க்குத் திருப்பி எடுத்துக்கறேன்" என்றான். 62,500-க்கு வாங்கியதை! வெளியே வந்து அவன் பக்கத்தில் கமென்ட் போட்டேன். பத்து நிமிடத்தில் அழித்து, என்னை பிளாக் செய்துவிட்டான்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுத்திருக்கிறேன். அந்தத் துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்போம். வீட்டில் "62,500-க்கு நல்ல பழைய ஸ்கூட்டியே வந்திருக்கும்" என்று ஒரு முறைதான் சொன்னாள். அந்த ஒரு முறையே போதும்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், கை வலிக்கிறது. சீட் போஸ்ட்டை உருவி அதில் பொறித்த எண்ணைப் பாருங்கள், விற்பவன் உருவ விடவில்லை என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். வண்டியை நீங்களே தூக்குங்கள். 650பி போடுவதென்றால் முதலில் பிரேக்கின் எட்டும் நீளத்தை அளந்துவிட்டு, பிறகு காசைப் பற்றிப் பேசுங்கள். டயரில் 26 இன்ச் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், அதில் மட்டும் நாலைந்து அளவு இருக்கிறது. 38-584 என்பது போல ஒரு எண் பக்கவாட்டில் இருக்கும், அதுதான் கணக்கு. பில்லில் குழாயின் பெயரை எழுதி வாங்குங்கள்.

நேற்று இரவு நண்பனின் போனில் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். இன்னொரு 531 ஏறியிருக்கிறது. பச்சை நிறம், 52,000. யாராவது அதைப் பார்க்கப் போவதாக இருந்தால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், வெர்னியரை எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.