மொட்டை மாடி அகச்சிவப்பு இணைப்பு: மழையைத் தாங்கும், போகிப் புகையில் விழும்

சென்னையில் எங்கள் அலுவலகத்துக்கும் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிடங்குக்கும் இடையே 300 மீட்டர் தூரம். சாலையைத் தோண்டி ஃபைபர் இழுப்பது கட்டுப்படியாகவில்லை. அதனால் இரண்டு மொட்டை மாடியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையில் தகவல் அனுப்பும் அகச்சிவப்புக் கருவிகளைப் பொருத்தி, 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்) நெட்வொர்க்காக வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

வேகத்தில் குறையே இல்லை. போக, வர இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முழு 100 கிடைக்கிறது. பிங் (தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) பார்த்தால் கேபிளா, ஒளியா என்று வித்தியாசம் தெரியாது. அக்கம்பக்கத்து மாடிகளில் எத்தனை வைஃபை ஆன்டெனா முளைத்தாலும் இதைத் தொடுவதில்லை. இந்த நிம்மதிக்காகவே நான் இதை ஆதரிக்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது, மழை வந்தால் என்ன ஆகும் என்பதுதான். ஐப்பசி அடைமழையிலும் சிக்னல் சில டெசிபல் (சிக்னல் பலம் எவ்வளவு குறைகிறது என்பதற்கான அளவு) இறங்கும், அவ்வளவுதான். மழைத்துளி மில்லிமீட்டர் கணக்கில் பெரியது; துளிகளுக்கு நடுவே ஒளி போய்விடும். உண்மையான எதிரி பனியும் புகையும்தான். அவற்றின் துகள்கள் மிகப் பொடியானவை, எங்கள் கருவி அனுப்பும் ஒளியின் 850 நானோமீட்டர் அலைநீளத்துக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வரும் அளவு. காற்று முழுக்க நிறைந்து, ஒளியை நாலாபக்கமும் சிதறடித்துவிடும்.

கணக்கு இதுதான். 1 கிலோமீட்டர் வரை கண்ணுக்குத் தெரிகிற மூட்டத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 17 டெசிபல் இழப்பு. எங்கள் தூரத்துக்கு 5தான். 200 மீட்டருக்கு மேல் தெரியாது என்றால் இழப்பு 25 டெசிபலுக்குப் போய்விடும். மார்கழிப் பனியோடு போகிப் புகையும் சேர்கிற விடியற்காலை அப்படிப்பட்டதுதான். 2018 போகியன்று சென்னையில் விமானப் போக்குவரத்தே பாதிக்கப்பட்டது நினைவிருக்கும். அந்த மாதிரிக் காலையில் எங்கள் இணைப்பும் அறுந்துவிடும். வெயில் ஏறியதும் தானாகவே திரும்பி வரும்.

இதற்காகப் பக்கத்திலேயே ஒரு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இணைப்பும் வைத்திருக்கிறோம். ஒளி போனால் நெட்வொர்க் சுவிட்ச் தானாக அதற்கு மாறிக்கொள்ளும். வேகம் குறையும், ஆனால் கிடங்கில் பில் போடுவது நிற்காது. இந்த மாற்று வழி இல்லாமல் வாங்க வேண்டாம்.

பொருத்துகிற இடத்தில் கஞ்சத்தனம் கூடாது. தகரக் கூரையிலோ மெல்லிய இரும்புக் கம்பத்திலோ வைத்தால் வெயிலில் விரிந்து, காற்றில் ஆடி, ஒளிக்கற்றை குறி தவறும். கட்டடத்தோடு சேர்ந்த கான்கிரீட் தூணே சரி. சித்திரை வெயிலில் தளத்திலிருந்து எழும் கானலிலும் சிக்னல் நடுங்கும். கற்றை கைப்பிடிச் சுவருக்கு நல்ல உயரத்தில் போனால் பாதிப்பு குறையும். காக்கை குறுக்கே பறந்தால் கொஞ்சம் டேட்டா பாக்கெட் தொலையும், உடனே மறுபடி அனுப்பப்பட்டுவிடும். அப்புறம், லென்ஸில் படியும் தூசி. மெல்லிய துணியால் அவ்வப்போது துடைத்தாலே சிக்னல் மானி ஏறுவது கண்கூடாகத் தெரியும். கருவி ஓடும்போது பைனாகுலர் வைத்து மட்டும் எதிர்க்கருவியைப் பார்க்காதீர்கள். வெறும் கண்ணுக்கு ஆபத்தில்லாத வகை என்றாலும், பைனாகுலர் அந்த ஒளியைக் குவித்துவிடும்.

அரை கிலோமீட்டருக்குள், சமவெளி ஊர் என்றால் தைரியமாக வாங்கலாம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு ரேடியோவைத்தான் சொல்வேன்.