ஈரக் கல், லைக்கன், ஒரு போலரைசர்: நாலு வருட அனுபவம்

2021 கடைசியில் வாங்கிய 67 மி.மீ. சேர்குலர் போலரைசர் இது; லென்ஸின் முன்னால் திருகி மாட்டி, வளையத்தைத் திருப்பி மினுக்கத்தைக் குறைக்கும் ஃபில்டர். வானத்தை நல்ல நீலமாக்கும் என்று சொல்லித்தான் கடைக்காரர் தந்தார். சின்னப் பொருட்களைக் கிட்டத்தில் எடுக்கும் என் 100 மி.மீ. மெக்ரோ லென்ஸில் மாட்டிய நாளிலிருந்து அது பார்த்ததெல்லாம் கல்லும் மரப்பட்டையும்தான்.

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். செட்டிநாட்டுக் கறியில் போடும் கல்பாசியும் லைக்கன்தான். காய்ந்திருக்கும்போது சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெளிறிக் கிடக்கும். நனைந்ததும் மேல்தோல் ஒளி ஊடுருவும்படி ஆகி, உள்ளே இருக்கும் பாசியின் பச்சை வெளியே தெரியும். கொழும்பு விஹாரமகாதேவி பூங்காவில் ஒரு மரப்பட்டையில், பேனாவால் கிறுக்கியது போலக் கறுப்புக் கோடுகள் ஓடும் லைக்கன் இருக்கிறது. மழை விட்ட அரைமணிக்குள் போனால் அந்தக் கோடுகளுக்குக் கீழே இளம்பச்சை விரிந்திருக்கும். அதற்காகவே ஐப்பசி மழைக்குக் காத்திருப்பேன்.

ஆனால் ஈரத்தோடு மினுக்கமும் வரும். வானத்தின் வெள்ளை வெளிச்சம் பச்சையை மூடிவிடும். போலரைசரின் வளையத்தைத் திருப்பத் திருப்ப அந்த வெள்ளை வடிந்து நிறம் மேலே வரும். கணினியில் எவ்வளவு திருத்தினாலும் இது கிடைக்காது.

முதல் வருடம் ஒரு விஷயம் புரியவில்லை. நேருக்கு நேர் வைத்து எடுத்தால் வளையத்தைச் சுற்றியும் ஒன்றுமே மாறாது. ஃபில்டரில் பிழையில்லை, நேராகத் திரும்பி வரும் ஒளியைப் போலரைசரால் தடுக்க முடியாது. ஈரப் பரப்பிலிருந்து ஏறக்குறைய 35 பாகை சாய்வில் பார்த்தால்தான் முழுசாக வேலை செய்யும். சரி, சாய்த்தால் ஃபோக்கஸ் போய்விடும். பொருளின் அசல் அளவிலேயே சென்சரில் விழும்படி எடுத்தால், லென்ஸின் துவாரத்தை எஃப் 11 வரை சுருக்கினாலும் தெளிவாக விழும் ஆழம் ஒன்றரை மி.மீ. கூட இல்லை. இப்போது நேராக எடுக்க வேண்டிய படங்களுக்குக் கமராவுக்குப் பின்னால் கறுப்புக் குடையை விரித்துப் பிடிக்கிறேன். வானம் மறைந்தால் மினுக்கமும் போகும். சாய்வுக்குப் போலரைசர், நேருக்குக் குடை.

ஃபில்டர் ஒன்றரை ஸ்டொப் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சத்தைத் தின்னும், ட்ரைபொட் கட்டாயம். லைக்கன் காற்றில் ஆடாது என்பதால் அரை செக்கன் வைத்தாலும் பயமில்லை. வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே கொட்டியிருக்கும் கருங்கற்களில் மட்டும் ரயில் போய் முடியும்வரை கையைக் கட்டி நிற்க வேண்டும்.

அந்தக் கற்களின் வரிகள் எனக்கு லைக்கன் அளவுக்கே பிடிக்கும், ஆனால் உப்புத்தூறல் ஃபில்டருக்கு ஆகாது. காய்ந்த உப்பைத் துணியால் தேய்த்தால் கீறல் விழும். நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். ஒருமுறை கழற்றாமலே விட்டு மரை இறுகிவிட்டது. அகலமான ரப்பர் பாண்ட் ஒன்றைச் சுற்றித் திருகியபோதுதான் அசைந்தது. அப்புறம் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில்தான் வைக்கிறேன்.

இப்போது ஓரத்தில் உள்படலம் உரியத் தொடங்கியிருக்கிறது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் புதிதாக 77 மி.மீ. ஒன்று வாங்கி, பெரிய ஃபில்டரைச் சிறிய லென்ஸில் பொருத்தும் ஸ்டெப்-அப் ரிங் போட்டு இதே லென்ஸில் மாட்டப் போகிறேன்.