காட்டுத்தீ ஆய்வுக்கு மோடிஸா, சென்டினல்-2-ஆ?

தாவர ஈரத்தைக் கொண்டு தீயின் கடுமையைப் படிக்க விரும்புவோர் முதலில் தடுமாறும் இடம் இது. மோடிஸ் நாசா செயற்கைக்கோள்களில் உள்ள படக்கருவி; சென்டினல்-2 பூமியைப் படமெடுக்கும் ஐரோப்பியச் செயற்கைக்கோள்கள். ஆஸ்திரேலியாவில் 2019 அக்டோபரில் மின்னலால் மூண்டு, 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்த கோஸ்பர்ஸ் மலைத் தீயையே வைத்துப் பார்ப்போம்.

செலவு: இரண்டும் இலவசம்.

வேகம்: மோடிஸ் தினமும் பார்க்கிறது. சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை. அன்று மேகமோ அடர்புகையோ மூடினால் அதுவும் போயிற்று.

பழைய பதிவு: மோடிஸ் 2000 முதல், சென்டினல்-2 2015 முதல்.

நுணுக்கம்: வித்தியாசம் இங்கேதான் பெரிது. நீர் நிறைந்த இலை, கண்ணுக்குத் தெரியாத குற்றலை அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த இலை அதிகம் திருப்பி அனுப்பும். அதை மோடிஸ் 500 மீட்டர் கட்டங்களாகவும் சென்டினல்-2 20 மீட்டர் கட்டங்களாகவும் அளக்கின்றன. ஒரு மோடிஸ் கட்டத்துக்குள் 625 சென்டினல் கட்டங்கள் அடங்கும்! அந்த மலைக்காட்டில் காய்ந்த முகட்டுக்கும் ஈரம் தங்கும் பள்ளத்துக்கும் இடையே சில நூறு மீட்டர்கூட இருக்காது. மோடிஸ் இரண்டையும் ஒரே சராசரியாக்கிவிடும். எந்தச் சரிவு கருகியது, எது தப்பியது என்று கேட்பவருக்கு அந்தச் சராசரி பயன்படாது.

வறட்சி எப்படி முற்றியது, முந்தைய ஆண்டுகளைவிட எவ்வளவு மோசம் என்று அறிய மோடிஸ். தீக்கு முந்தைய ஈரத்தையும் பிந்தைய சேதத்தையும் சரிவு சரிவாக ஒப்பிடச் சென்டினல்-2. மோடிஸைச் சுமக்கும் செயற்கைக்கோள்களுக்கு வயதாகிவிட்டது. புதிதாகத் தொடங்குவோர் அதன் வாரிசான விர்ஸ் (VIIRS) என்ற படக்கருவியின் தரவையும் பழகிக்கொள்ளுங்கள்.