சுங்கை சிப்புட்டுக்குக் காரா, ஈடிஎஸ்ஸா, பஸ்ஸா?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பேராக்காரர்களிடம் இந்தக் கேள்வி ஆரம்பித்துவிடும்: "இந்தத் தடவை எதுல போற?" எனக்கு ஊர் சுங்கை சிப்புட். அம்மா இன்னும் தோட்டத்தை ஒட்டிய கம்பத்தில்தான் (கிராமத்தில்தான்) இருக்கிறார். தூரம் சுமார் 230 கிலோமீட்டர்.

எல்லாரும் போகிற பயணத்தை வைத்துத்தான் மூன்றையும் எடைபோடுகிறார்கள். நான் திரும்பி வருவதை வைத்துப் பார்ப்பேன். போகும்போது வீட்டு ஆசையில் எந்தக் கஷ்டமும் உறைக்காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உறைக்கும்.

முதலில் ரயில். ஈடிஎஸ் என்ற மின்சார ரயில் சேவை 2010-ல் தொடங்கியபோது வடக்கே ஈப்போவோடு நின்றது. ஈப்போ–பாடாங் பெசார் இரட்டைத் தண்டவாளத்துக்கு மின்சாரம் வந்து, 2015-ல் சேவை நீண்ட பிறகுதான் எங்கள் ஊர்க்காரர்கள் அதை ஒரு வழியாகவே எண்ண ஆரம்பித்தோம். மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடும். ஈப்போவுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். நெடுஞ்சாலையில் எங்கே லோரி கவிழ்ந்தது என்று போனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம், தூங்கலாம். ஏர்கோன் மட்டும் எலும்பு வரை இறங்கும், கம்பளிச் சட்டை அவசியம். கோலாலம்பூரின் வடக்குப் பக்கம் இருப்பவர்கள் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் வரை போகாமல், எம்ஆர்டி நகர ரயிலைப் பிடித்து சுங்கை பூலோவில் ஏறிக்கொள்ளலாம். இது தெரியாமலே பலர் அலைகிறார்கள். எல்லா ஈடிஎஸ் வண்டியும் சுங்கை சிப்புட்டில் நிற்பதில்லை என்பதையும் டிக்கெட் எடுக்குமுன் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஈப்போவில் இறங்கித் தம்பிக்குப் போன் அடிக்க வேண்டியதுதான்.

போக இவ்வளவு சுகமான ரயில், திரும்பும்போது மூட்டையில் மாட்டிக்கொள்ளும். அம்மா சும்மா அனுப்புவாரா? மைலோ டின்னில் முறுக்கு, பத்திரிகைத் தாளில் சுற்றிய கறிவேப்பிலை, கட்டாக முருங்கைக்காய், கடைசி நிமிடத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம். "ஏம்மா இவ்ளோ?" என்றால், "ரயில்லதானே போற, நீயா தூக்கிட்டு நடக்கப் போற?" என்பார். நடக்கத்தான் வேண்டும். சென்ட்ரலில் படி ஏறி, எல்ஆர்டி மாறி, வீட்டுக்குப் போகிற வரைக்கும் முருங்கைக்காய் யாராவது ஒருவர் முதுகில் குத்திக்கொண்டே வரும்.

காரில் இந்தத் தொல்லை இல்லை. பின்னால் திறந்து எல்லாவற்றையும் அடுக்கிவிடலாம், பலாப்பழம் உட்பட. பணக் கணக்கும் குடும்பஸ்தர்களுக்குச் சாதகம்தான். அரசாங்கத்தின் பூடி95 பெட்ரோல் மானிய விலையில், அதாவது 2025 செப்டம்பர் கடைசியில் நடப்புக்கு வந்த லிட்டருக்கு 1.99 வெள்ளி (ரிங்கிட்) கணக்கில், 17 லிட்டர் குடித்தாலும் ஒரு வழிக்கு 34 வெள்ளி. டோலைச் சேர்த்தாலும் நாலு பேர் ரயில் டிக்கெட்டைவிடக் குறைவு. அதைவிட முக்கியம், ஊரில் இறங்கிய பிறகு கையில் வண்டி இருக்கும். தோட்டத்து மண் சாலைக்குள் வர கிராப் வாடகைக் கார்காரர்கள் யோசிப்பார்கள். அம்மாவை கிளினிக்குக் கூட்டிப்போக, லிந்தாங்கில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்க, கோயிலுக்கு ஒரு நடை போய்வர கார் இல்லாமல் முடியாது. இரண்டு நாள் போய் தம்பியின் காருக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறு விதமான அலுப்பு.

காருக்குச் சிக்கல் ஞாயிற்றுக்கிழமை. எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ஒரு வாய் சாப்டுட்டுப் போங்க" என்ற பேச்சுக்குக் கட்டுப்பட்டு இரண்டு மணிக்குப் புறப்பட்டால், தாப்பா தாண்டியதும் பிரேக் விளக்கு வரிசை ஆரம்பிக்கும். சுங்காய், சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் என்று ஊர்ந்து ராவாங் வருவதற்குள் பிள்ளைகளுக்கு மூன்று தடவை கழிவறை தேவைப்படும். ஓய்வுப் பகுதிக்குள் நுழைந்தால் பார்க்கிங் தேடவே இருபது நிமிடம். இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் சாலை காலி, ஆனால் ஓட்டுகிறவருக்குக் கண் சொக்கும். இப்படிப் போகச் சொல்லி நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட்டு நேராக ஆபிசுக்குப் போகிற வீரர்களும் உண்டு. மாற்றி ஓட்ட ஆள் இருந்தால் சரி. நான் ஞாயிறு காலை பசியாறியதும், ஒன்பது மணிக்குள் கிளம்பிவிடுவேன். அம்மா முகம் கொஞ்சம் சுருங்கும். ஆனால் மதியச் சாப்பாட்டைத் தாப்பாவ் (பொட்டலம்) கட்டிக் கொடுத்துவிடுவார், அதோடு சமாதானம்.

பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பழைய புடுராயா பஸ் நிலையக் காலத்தில் நகர நடுவிலேயே ஏறலாம். இப்போது வடக்கே போக, முதலில் தெற்கே பண்டார் தாசேக் செலாத்தானில் இருக்கும் டிபிஎஸ் பஸ் முனையத்துக்குப் போக வேண்டும். ஈப்போவில் இறங்கும் அமான்ஜெயா முனையம் மேரு ராயாவில், நகரத்தின் வடக்குப் பக்கம் இருப்பது எங்களுக்கு ஒரு வசதி. மற்றபடி காருக்கு உள்ள அதே நெரிசல், ரயிலுக்கு உள்ள அதே மூட்டைப் பிரச்சினை. ரயிலில் இடம் கிடைக்காதவர்களுக்கும், நினைத்த நேரத்தில் கிளம்புகிற கட்டைப் பிரம்மச்சாரிகளுக்கும் அது கைகொடுக்கும்.

தனி ஆளாகப் போனால் எனக்கு ரயில், பிள்ளைகளோடு போனால் கார். தீபாவளிக்கு மட்டும் இரண்டையும் கலப்போம்: ஷா ஆலாமில் இருக்கும் அண்ணன் காரில் வருவார், நாங்கள் ரயிலில். திரும்பும்போது மூட்டை எல்லாம் அவர் வண்டியில் ஏறிவிடும், அடுத்த வாரம் போய் எடுத்துக்கொள்வோம். வாழைப்பழம் பாதி அவர் வீட்டிலேயே தீர்ந்திருக்கும், அது வண்டிச் சத்தம்.

ரயில் என்று முடிவு செய்தவர்கள் திரும்புகிற டிக்கெட்டை முதலில் எடுங்கள். ஞாயிறு மாலை கோலாலம்பூர் வரும் இடங்கள் சீக்கிரம் நிறைந்துவிடும். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை காலை வண்டிக்கு எடுத்துவிட்டு, ஆபிசில் அரை நாள் லீவுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.